பாட்டை நிறுத்த அழுத்தினால் பிளேயரே அணைந்துவிடுகிறதா? சின்ன மியூசிக் பிளேயரின் பட்டன்கள் எப்படி வேலை செய்கின்றன?

"நான் தொட்டாலே இது அணைஞ்சு போயிடுதுடி. எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோ."

தீப்பெட்டி அளவுகூட இல்லாத எம்பி3 பிளேயரை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மா சொன்னது இது.

க்ளாக்கோமாவால் அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. டச் ஸ்கிரீன் போனில் எங்கே தொடுவது என்று தெரியாது. ஒரு பாட்டு கேட்க வேண்டும் என்றாலும் வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டும். நாங்கள் ஆபீஸ் போய்விட்டால் பகல் முழுக்க வீடு அமைதியாக இருக்கும். "விரலாலேயே தடவிப் பார்த்து, தானே பாட்டு போட்டுக்கொள்ளட்டும்" என்றுதான் பட்டன் வைத்த பிளேயரை வாங்கினோம். இரண்டே நாளில் அது மேஜை டிராயருக்குள் போய்விட்டது.

பிளேயரில் கோளாறா? நான் அழுத்தினால் ஒழுங்காகப் பாடுகிறது, ஒழுங்காக நிற்கிறது. அம்மா அழுத்தினால் மட்டும் மொத்தமாக அணைகிறது. ஒரே பட்டன், இரண்டு விதமான பதில். அது எப்படி?

காரணம் அம்மாவின் விரலில் இல்லை, பிளேயரின் கோளாறும் இல்லை. அந்தச் சின்ன பட்டன் எதை அளக்கிறது என்பதை நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிளேயர் டிராயரில் கிடந்தால், அதை வெளியே எடுங்கள். பார்த்துவிடலாம்.

சுருக்கமாக

- இந்த பட்டன்கள் நீங்கள் எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள் என்று பார்ப்பதில்லை. எவ்வளவு நேரம் அழுத்துகிறீர்கள், எத்தனை முறை அழுத்துகிறீர்கள் என்பதை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன.
- பெரும்பாலான பிளேயர்களில் 'தொட்டு எடுப்பது' ஒரு வேலை, 'அழுத்திப் பிடிப்பது' வேறு வேலை.
- தொட்டு எடுக்கும் வேலை, விரலை எடுத்த பிறகுதான் நடக்கும். பெரும்பாலான குழப்பத்துக்கு இதுவே காரணம்.

பட்டனுக்குள் என்ன நடக்கிறது?

ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடிக்கு அடியில், கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கும். நீங்கள் அழுத்தும்போது அது உள்ளே குழிந்து, கீழே உள்ள இரண்டு மின்முனைகளைச் சேர்த்துவிடுகிறது. 'டிக்' என்று விரலில் உணர்வது இந்தத் தகடு குழிவதைத்தான். விரலை எடுத்ததும் தகடு மேலே எழும்பி, இணைப்பு விட்டுப்போகும்.

ஆக, உள்ளே இருக்கும் சிப்புக்குத் தெரிவது இரண்டே விஷயம்: இப்போது இணைப்பு இருக்கிறது, இப்போது இல்லை. பலமாக அழுத்தினாலும் மெதுவாக அழுத்தினாலும் அதற்கு ஒன்றுதான்.

ஆனால் ஐந்து பட்டனை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வேலை செய்ய வேண்டுமே! அதற்காகத்தான் சிப் நேரத்தை எண்ணத் தொடங்குகிறது. இணைப்பு ஏற்பட்டதும் உள்ளே ஒரு கடிகாரம் ஓடும். இரண்டு நொடிக்குள் விட்டுவிட்டால் 'ஷார்ட் பிரஸ்'. அதைத் தாண்டியும் விரல் அங்கேயே இருந்தால் 'லாங் பிரஸ்'. இந்த எல்லை சில பிளேயர்களில் ஒரு நொடி, சிலவற்றில் மூன்று நொடி.

இங்கேதான் ஒரு சிக்கல். விரல் பட்டனில் இருக்கும்வரை, இது ஷார்ட் பிரஸ்ஸா, லாங் பிரஸ்ஸா என்று சிப்பால் முடிவு செய்ய முடியாது. நீங்கள் விரலை எடுத்த பிறகுதான் "ஓ, இது ஷார்ட்" என்று புரிந்துகொண்டு பாட்டை நிறுத்தும்.

அம்மா அழுத்துவதை போன் கேமராவில் வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். என் விரல் பட்டனில் இருந்தது அரை நொடிக்கும் குறைவு. அம்மாவின் விரலோ இரண்டு நொடியைத் தாண்டியும் அங்கேயே இருந்தது. பாட்டு நிற்கட்டும், அப்புறம் விரலை எடுக்கலாம் என்று அவர் காத்திருக்கிறார். அவர் விரலை எடுக்கட்டும், அப்புறம் பாட்டை நிறுத்தலாம் என்று பிளேயர் காத்திருக்கிறது. எல்லை தாண்டியதும் பிளேயர் அதை லாங் பிரஸ் என்று எடுத்துக்கொண்டு, தன்னையே அணைத்துக்கொள்கிறது.

இதே மாதிரி இன்னொரு குழப்பமும் உண்டு. சில பிளேயர்களில் ஒரு பட்டனை இரண்டு முறை தட்டினால் வேறு வேலை. அவற்றில், முதல் முறை தட்டியதும் அடுத்த தட்டு வருகிறதா என்று சிப் கொஞ்சம் காத்திருக்கும். அந்த இடைவெளியில் "என்ன, ஒண்ணுமே ஆகல?" என்று இன்னொரு தடவை தட்டினால், நீங்கள் கேட்காத வேலை நடந்துவிடும்.

டேப் ரெக்கார்டர் பழக்கம் ஏன் இங்கே உதவுவதில்லை?

அம்மா அழுத்தியது தப்பே இல்லை. அவர் பழகிய மெஷினுக்கு அதுதான் சரியான முறை.

கேசட் பிளேயரில் 'பிளே' பட்டனை அழுத்தினால், 'டக்' என்று உள்ளே போய் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பாட்டு வருகிற வரைக்கும் அழுத்தணும். அழுத்தம் போதவில்லை என்றால் மேலே வந்துவிடும். பட்டன் உள்ளே இருந்தால் பாடுகிறது, வெளியே இருந்தால் நின்றிருக்கிறது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். நிறுத்துவதற்குத் தனி பட்டன், முன்னே ஓட்டத் தனி பட்டன். ஒரு பட்டனுக்கு ஒரு வேலை.

சோனி நிறுவனம் 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வாக்மேனும் இந்த வழியில்தான் இருந்தது. அதில் ஆரஞ்சு நிறத்தில் 'ஹாட்லைன்' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்திப் பிடித்தால் பாட்டின் சத்தம் குறைந்து, மைக் வேலை செய்யும். ஹெட்போனைக் கழற்றாமலே பக்கத்தில் இருப்பவரிடம் பேசலாம். அதாவது அழுத்திப் பிடிப்பது அன்றே இருந்தது. ஆனால் அதற்கென்று நிறத்தாலேயே வேறுபட்ட தனி பட்டன் இருந்தது.

டிஜிட்டல் பிளேயர் வந்ததும் பட்டன் உள்ளே போய் நிற்பது போய்விட்டது. எப்போது தடவினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாடுகிறதா, நின்றிருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்பதை விரல் சொல்லாது. கண் தெரிந்தால் சின்ன விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தெரியாதவர் என்ன செய்வார்?

எந்த பட்டன் என்ன செய்யும்?

டெல்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட், மும்பையின் லாமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு என எந்த எலெக்ட்ரானிக்ஸ் சந்தைக்குப் போனாலும், சட்டையில் மாட்டும் கிளிப் வைத்த சின்ன பிளேயர்கள் பல பெயர்களில் கிடைக்கும். பெயர் எதுவானாலும் பட்டன்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

- நடு பட்டன் (ஒரு முக்கோணம், இரண்டு கோடு): தொட்டு எடுத்தால் பாடும் அல்லது நிற்கும். அழுத்திப் பிடித்தால், தனி சுவிட்ச் இல்லாத மாடல்களில் பிளேயர் இயங்கும் அல்லது அணையும்.
- வலது பட்டன் (இரண்டு முக்கோணம், ஒரு கோடு): தொட்டு எடுத்தால் அடுத்த பாட்டு. அழுத்திப் பிடித்தால் அதே பாட்டு வேகமாக முன்னே ஓடும்.
- இடது பட்டன்: தொட்டு எடுத்தால் முந்தைய பாட்டு. பல பிளேயர்களில் முதல் தடவை தொட்டால் ஓடும் பாட்டின் தொடக்கத்துக்குப் போகும், உடனே மறுபடி தொட்டால்தான் முந்தைய பாட்டு வரும்.
- கூட்டல், கழித்தல் குறிகள்: சத்தத்தைக் கூட்ட, குறைக்க.
- 'எம்' என்ற ஆங்கில எழுத்து: மெமரி கார்டு, எஃப்எம், ப்ளூடூத் என்று மாறுவதற்கு. ப்ளூடூத், எஃப்எம் இல்லாத மாடல்களில் ஒரே பாட்டைத் திரும்பப் பாட வைக்கவும், வரிசையைக் கலைக்கவும் இதையே தந்திருப்பார்கள்.
- ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை: இது ரீசெட். பிளேயர் எதற்கும் அசையாமல் உறைந்துவிட்டால் மட்டும் பயன்படுத்துங்கள்.

எஃப்எம் உள்ள பிளேயர்களில், எஃப்எம் ஓடும்போது நடு பட்டனை அழுத்திப் பிடித்தால் நிலையங்களைத் தானே தேடிப் பதிவு செய்துகொள்ளும் வசதி பலவற்றில் உண்டு. இயர்போன் ஒயர்தான் அங்கே ஆன்டெனா. அதைச் சொருகாமல் தேடினால் பெரும்பாலும் இரைச்சல்தான் வரும்.

முக்கோணம், இரட்டைக் கோடு போன்ற படங்கள் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60417 என்ற தரநிலையில் இருப்பவை. அதனால் எந்த நாட்டு பிளேயரை எடுத்தாலும் படம் ஒன்றே. ஆனால் எத்தனை நொடி பிடித்தால் லாங் பிரஸ் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். நடு பட்டனை அழுத்திப் பிடித்து, அணைகிற வரை மனதுக்குள் எண்ணுங்கள். உங்கள் பிளேயரின் எல்லை அதுதான்.

பட்டன்களைக் குறைத்தால் எளிதாகிவிடுமா?

ஆப்பிள் நிறுவனம் இதைச் செய்து பார்த்தது. 2005 ஜனவரியில் வந்த அதன் ஐபாட் ஷஃபிளில் திரை கிடையாது, முன்பக்கம் வட்டமாக அமைந்த பட்டன்கள் மட்டும்தான். 2009 மார்ச்சில் வந்த மூன்றாம் தலைமுறை ஷஃபிளில் அந்த பட்டன்களையும் எடுத்துவிட்டார்கள். மேலே ஒரு தள்ளு சுவிட்ச் மட்டும் மிச்சம். மற்ற எல்லாக் கட்டுப்பாடும் இயர்போன் ஒயரில்.

அந்த ஒயரில் இருந்த நடு பட்டனை ஒரு முறை தட்டினால் பாட்டு ஓடும் அல்லது நிற்கும், இரண்டு முறை தட்டினால் அடுத்த பாட்டு, மூன்று முறை தட்டினால் முந்தைய பாட்டு. அழுத்திப் பிடித்தால் பாட்டின் பெயரைக் குரலில் சொல்லும். பெயரைக் குரலில் சொல்வது பார்வை இல்லாதவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் தட்டுகளை எண்ணி நினைவில் வைக்க வேண்டும். சாதாரண இயர்போனை மாட்டினால் அந்தக் கட்டுப்பாடுகளும் கையில் இருக்காது.

2010 செப்டம்பரில் வந்த நான்காம் தலைமுறையில் பட்டன்கள் திரும்ப வந்தன. பாட்டின் பெயரைச் சொல்லும் வசதிக்கும் தனி பட்டன் கொடுத்தார்கள். 2017 ஜூலையில் விற்பனையை நிறுத்தும் வரை அந்த வடிவமே நீடித்தது.

அதே 2017-ல்தான் இந்தியாவில் சரிகம நிறுவனம் 'கார்வான்' பிளேயரை அறிமுகப்படுத்தியது. 5,000 பழைய இந்திப் பாட்டுகளை முன்கூட்டியே ஏற்றி, பழைய ரேடியோ போலத் திருகும் குமிழும் பெரிய பட்டன்களும் வைத்திருந்தார்கள். பின்னர் தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் வந்தது. போனில் எல்லாப் பாட்டும் கிடைக்கும் காலத்திலும் பட்டனுக்கும் குமிழுக்கும் ஆள் இருக்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

சத்தம் திடீரென்று ஏறுவது ஏன்?

இதுவும் அதே நேரக் கணக்குதான். ஆனால் இங்கே தவறினால் பாட்டு நிற்பதோடு போகாது, காது பாதிக்கப்படும்.

கூட்டல் பட்டனை ஒரு முறை தொட்டு எடுத்தால் சத்தம் ஒரு படி ஏறும். பிடித்துக்கொண்டே இருந்தால் விறுவிறுவென்று உச்சிக்குப் போகும். இன்னும் சில மலிவு பிளேயர்களில் ஒலிக்கென்று தனி பட்டனே இல்லை. வலது பட்டனைத் தொட்டு எடுத்தால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் சத்தம். அடுத்த பாட்டு வரட்டும் என்று காத்திருக்கும் ஒருவர், தன் காதிலேயே சத்தத்தை ஏற்றிக்கொண்டிருப்பார்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட தரநிலைப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் பாதுகாப்பான அளவு. குழந்தைகளுக்கு 75 டெசிபல், அதே 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். கணக்குப் போட்டால் பெரியவர்களுக்கு இப்படி வரும்:

- 80 டெசிபல்: வாரம் 40 மணி நேரம்
- 83 டெசிபல்: 20 மணி நேரம்
- 86 டெசிபல்: 10 மணி நேரம்
- 89 டெசிபல்: 5 மணி நேரம்

வெறும் 9 டெசிபல் ஏறியதற்கே ஒரு வாரத்தின் அளவு எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது.

திரை இல்லாத பிளேயரில் டெசிபல் தெரியாதே? உச்ச அளவில் 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எளிய அறிவுரை. இயர்போனைக் காதில் மாட்டாமல், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, உச்சம் வரை எத்தனை முறை தட்ட வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். 30 தட்டு என்றால் 18-ல் நிறுத்த வேண்டும், 15 என்றால் 9-ல்.

அந்த அளவிலும் சரியாகக் கேட்கவில்லை என்று பெரியவர்கள் சொன்னால், சத்தத்தை ஏற்றிக் கொடுக்காதீர்கள். காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

மற்ற புகார்கள்: பட்டனா, பிளேயரா?

*எந்த பட்டனும் வேலை செய்யவில்லை.* முதலில் அரை மணி நேரம் சார்ஜ் போடுங்கள். பக்கவாட்டில் 'ஹோல்டு' பூட்டு தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால்தான் ரீசெட்.

*ஒரு முறை தட்டினால் இரண்டு பாட்டு தாண்டுகிறது.* இது விரலின் தவறு இல்லை. உலோகத் தகடு படியும்போது மிகச் சிறிய அளவில் துள்ளும். அந்தத் துள்ளலை சிப் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தகடு தேய்ந்தாலோ அழுக்கு சேர்ந்தாலோ துள்ளல் அதிகமாகி, ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகும். பட்டனை மாற்ற வேண்டிய நேரம் அது.

*பாட்டு வரிசை மாறி வருகிறது.* மலிவு பிளேயர்கள் பல, அகர வரிசையைப் பார்ப்பதில்லை. கார்டில் எது முதலில் காப்பி ஆனதோ, அதை முதலில் பாடும். பாட்டுகளுக்கு 01, 02 என்று எண் கொடுத்து, அந்த வரிசைப்படியே ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள்.

*கார்டையே படிக்கவில்லை.* பல சின்ன பிளேயர்கள் 32 ஜிபி வரைதான் ஏற்கும். அதைவிடப் பெரிய கார்டு தேவையும் இல்லை. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 4.8 எம்பி. அப்படிப் பார்த்தால் 4 ஜிபி கார்டிலேயே 800 பாட்டுக்கு மேல் அடங்கும்.

வீட்டில் பெரியவருக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி?

எங்கள் வீட்டில் கைகொடுத்தவை இவை.

ஒன்று, முதல் இரண்டு நாள் நடு பட்டன் மட்டும். மற்றதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தொட்டு எடுத்தால் பாடும், தொட்டு எடுத்தால் நிற்கும். இது கைக்குப் பழகிய பிறகு வலது பட்டன். ஒலி பட்டன் அதற்கும் பிறகு.

இரண்டு, நடு பட்டன் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துக் காயவிடுங்கள். சின்ன மேடு போல நிற்கும். பழைய போன்களில் 5 என்ற எண்ணின் மேல் புள்ளி இருக்குமே, அதே யோசனைதான். அந்த மேடு கிடைத்துவிட்டால் மற்ற பட்டன்களின் திசை தானே தெரிந்துவிடும்.

மூன்று, "மெதுவா அழுத்துங்க" என்று சொல்லாதீர்கள். மெதுவாக என்றால் பெரும்பாலானவர்கள் நேரம் எடுத்து அழுத்துவார்கள். அதுதான் பிரச்சினையே. "தொட்டதும் எடுத்துடுங்க. பாட்டு நிக்குதான்னு விரலை வச்சுக்கிட்டு பார்க்காதீங்க. எடுத்த அப்புறம்தான் நிக்கும்" என்று சொல்லுங்கள்.

நான்கு, கையைப் பிடித்து அழுத்திக் காட்டாதீர்கள். உங்கள் விரலின் வேகம் அவர் விரலுக்கு வராது. அவரையே அழுத்தவிட்டு, நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

ஐந்து, பல மாடல்களைப் பார்த்து வாங்கும் வாய்ப்பு இருந்தால், அணைப்பதற்குத் தனியாகத் தள்ளு சுவிட்ச் உள்ளதையே எடுங்கள். நடு பட்டனில் விரல் கொஞ்சம் தங்கினாலும் பிளேயர் அணையாது. ஒலிக்குத் தனி பட்டன் இருக்கிறதா என்றும் கடையிலேயே அழுத்திப் பாருங்கள்.

இதையெல்லாம் நான் அம்மாவிடம் நீட்டி முழக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஷார்ட் பிரஸ், லாங் பிரஸ் என்று நான் இரண்டு மூன்று தடவை சொன்னதும் அவர் இடைமறித்தார். "குறில், நெடில்னு சொல்லேன். புரிஞ்சுடும்."

சரிதானே! 'க' என்று சொல்லும் நேரத்துக்குள் விரலை எடுத்தால் பாட்டு நிற்கும். 'காஆஆ' என்று இழுத்தால் பிளேயர் அணையும். எழுத்து ஒலிக்கும் நேரத்தைக் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் வைத்து அளந்த இலக்கணம் நம்முடையது. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தவர்களுக்கு இந்த பட்டனின் கணக்கு புதிதில்லை.

பிளேயர் இப்போது டிராயரில் இல்லை, அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எப்போதாவது தவறி அணைந்துவிட்டால், "நெடிலாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவரே மறுபடி போட்டுக்கொள்கிறார். யாரையும் கூப்பிடுவதில்லை.